நம்ம ஸ்டேஷன் எங்கே போச்சு? எஃப்.எம். பற்றி வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளுக்கு எஃப்.எம். விளம்பரம் பிடித்துக் கொடுப்பது என் பிழைப்பு. அப்பா தண்டையார்பேட்டையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். மூடி கழற்றி வைத்த ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் நான் வீட்டுப்பாடம் எழுதினேன். இந்த இரண்டு காரணத்தாலும், ஏதாவது ஒரு ஸ்டேஷன் பெயரை மாற்றினாலோ பாட்டை மாற்றினாலோ ஏரியாவில் என்னைத்தான் பிடித்துக் கேட்கிறார்கள், என்னவோ நானே கொண்டுபோய் விற்றுவிட்ட மாதிரி. டீக்கடையிலும் ஷேர் ஆட்டோவிலும் கல்யாணப் பந்தியிலும் கேட்ட கேள்விகள் இங்கே ஒன்றாக இருக்கின்றன. சில பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேனல் பேரே மாறிப்போச்சு. நான் கேட்டுக்கினு இருந்த ஸ்டேஷனை இழுத்து மூடிட்டாங்களா?

பெரும்பாலும் மூடியிருக்க மாட்டார்கள். ஸ்டேஷன் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், அதற்குள் நாலு சமாசாரம் இருக்கிறது. டயலில் இருக்கிற எண், அந்த எண்ணில் ஒலிபரப்ப அரசு கொடுத்த அனுமதி, அனுமதியைக் கையில் வைத்திருக்கிற கம்பெனி, அந்தக் கம்பெனி சூட்டிய பெயர். இந்த நாலும் சேர்ந்தே மாறும் என்று ஒன்றுமில்லை. பெயர் மட்டும் மாறும். பெயர் அப்படியே இருக்க, முதலாளி மாறுவார். சில நேரம் எண்ணே மாறிவிடும்.

91.9ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் எஃப்.எம். நிலையங்கள் கும்பலாக வந்து இறங்கிய காலத்தில் குமுதம் குழுமத்தின் ஆஹா எஃப்.எம். அந்த எண்ணில் பாடியது. பிறகு அதே நிலையம் முத்தூட் குழுமத்தின் கையில் 'சென்னை லைவ்' என்று பெயர் மாறி 104.8க்குக் குடிபோனது. பேச்சும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. காலியான 91.9ல் பின்னாளில் இந்துஸ்தான் டைம்ஸ் பத்திரிகைக் குழுமமான எச்.டி. மீடியாவின் ஃபீவர் வந்து உட்கார்ந்தது. எண்ணைப் பிடித்துக்கொண்டு இருந்தவருக்கு ஒரு கதை, ஸ்டேஷனைப் பின்தொடர்ந்து போனவருக்கு வேறு கதை.

எங்கள் தெருத் தையல்காரர் ஒருவர் தன் ரேடியோவின் டயல் கண்ணாடியில் 91.9க்கு நேராக சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்திருந்தார். ஊசியில் நூல் கோக்கும்போது முள்ளைத் தேட முடியாதல்லவா, புள்ளிக்குத் திருப்பினால் போதும். ஒருநாள் புள்ளிக்குத் திருப்பினார், வெறும் இரைச்சல். ரேடியோ கெட்டுவிட்டது என்று அப்பாவிடம் தூக்கிக்கொண்டு வந்தார். அப்பாவும் அதைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "ரேடியோ நல்லாத்தான் கீது, ஸ்டேஷன்தான் வீடு காலி பண்ணிட்டுப் போயிருச்சு" என்றார். கூலி வாங்கவில்லை.

அப்போ ஒரு ஸ்டேஷனுக்கு நிஜமான சொந்தக்காரர் யாரு?

காற்றலைக்கு யாரும் சொந்தக்காரர் கிடையாது. அது பொதுச் சொத்து என்று 1995ல் உச்ச நீதிமன்றம் ஒரு கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில் சொன்னது. தனியார் கம்பெனிகள் எல்லோருமே அதில் வாடகைக்கு இருப்பவர்கள்தான்.

தனியாருக்கு எஃப்.எம். அனுமதி கொடுக்கிற வாடகைக் கணக்கு இதுவரை மூன்று கட்டமாக வந்திருக்கிறது. 1999ல் வந்த முதல் கட்டத்தில் ஆண்டுக்கு இவ்வளவு என்று ஏலம் கேட்டார்கள், அந்தத் தொகை ஒவ்வொரு ஆண்டும் 15 சதவீதம் ஏறும். வருமானம் ஏறினாலும் ஏறாவிட்டாலும் வாடகை ஏறும் என்றால் யார் தாக்குப்பிடிப்பார்கள்? நாடு முழுக்க ஏலம் எடுத்த பலர் மைக்கையே திறக்காமல் ஓடிவிட்டார்கள். 2005ல் இரண்டாம் கட்டம். முதலில் ஒரு தடவை நுழைவுக் கட்டணம், பிறகு வருமானத்தில் 4 சதவீதம், பத்து வருஷம். நுழைவுக் கட்டணத்தை நம்மூர் அட்வான்ஸ் என்று நினைத்துக்கொள்ளலாம், ஒரே வித்தியாசம், காலி பண்ணும்போது அது திரும்பி வராது. 2011ல் அறிவித்த மூன்றாம் கட்டத்தில் 15 வருஷம் ஆக்கினார்கள். பழைய நிலையங்கள் அதற்கும் ஒரு தொகை கட்டி 2015 ஏப்ரலிலிருந்து புதுக் கணக்குக்கு மாறின.

ஆகவே 'ஸ்டேஷனை வாங்கிட்டாங்க' என்று பேப்பரில் போட்டால், அனுமதி வைத்திருக்கிற கம்பெனியின் பங்குகளை வாங்கியிருக்கிறார்கள் என்று பொருள். அதையும் நினைத்த நேரத்தில் செய்ய முடியாது. பெரிய பங்குதாரர் குறிப்பிட்ட வருஷங்களுக்குத் தன் பங்கை விற்கக் கூடாது என்று விதி உண்டு. இரண்டாம் கட்டத்தில் அது ஐந்து வருஷம், மூன்றாம் கட்டத்தில் மூன்று. ஒரே கம்பெனி ஒரு ஊரின் மொத்த நிலையங்களில் 40 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. இல்லையென்றால் டயலை எங்கே திருப்பினாலும் ஒரே வீட்டுச் சமையல்தான்.

சென்னை ஸ்டேஷன்லாம் யார் யார் கை மாறியிருக்கு?

சூரியன் 93.5, மிர்ச்சி 98.3 இரண்டும் 2003ல் சென்னைக்கு வந்தன. சூரியன் சன் குழுமம், மிர்ச்சி டைம்ஸ் குழுமம், தொடங்கியவர்களே நடத்துகிறார்கள். ஹலோ 106.4 தினத்தந்தி குடும்பத்தின் மலர் பப்ளிகேஷன்ஸ். இந்த மூன்று பேரும் பத்திரிகை, தொலைக்காட்சி என்று வேறு வருமானத்தில் காலூன்றியவர்கள் என்பதைக் கவனியுங்கள். எஃப்.எம். மட்டும் நடத்திச் சாப்பிடுவது கஷ்டம்.

மற்றவர்கள் கைமாறியவர்கள். ரேடியோ சிட்டி 91.1ஐ நடத்தும் கம்பெனியை 2015ல் ஜாக்ரன் பிரகாஷன் வாங்கியது. தைனிக் ஜாக்ரன் என்ற இந்திப் பத்திரிகையின் வீட்டார். நம் தெருவில் அந்தப் பத்திரிகையைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இருக்க மாட்டார்கள், ஆனால் காலையில் அவர்கள் ஸ்டேஷனைக் கேட்டுக்கொண்டே பல் தேய்த்தோம். ரேடியோ ஒன் 94.3 பம்பாய் மிட்-டே பத்திரிகை வழியில் வந்தது, 2019ல் அதன் தாய்க் கம்பெனியில் 51 சதவீதம் எச்.டி. மீடியா பக்கம் போனது. பிக் 92.7 அனில் அம்பானி குழுமத்தில் தொடங்கியது. அந்தக் கம்பெனி திவால் நடைமுறைக்குப் போய், 2024ல் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் ஒப்புதலோடு சஃபையர் மீடியா கைக்கு வந்தது. இத்தனை நடந்தும் பிக் பெயர் மாறவில்லை, எண்ணும் மாறவில்லை. கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு எதுவும் நடந்ததே தெரியாது.

சன் குழுமத்துக்கு இடையில் ஒரு முட்டுக்கட்டை வந்தது. 2015ல் நடந்த மூன்றாம் கட்ட ஏலத்தில் கலந்துகொள்ள மத்திய உள்துறையின் பாதுகாப்பு அனுமதி கிடைக்கவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், கலந்துகொள்ள உத்தரவு வாங்கினார்கள். முதலாளி யார் என்பதில் அரசியலும் உண்டு என்று சொல்லவே இதைச் சொல்கிறேன், மேற்கொண்டு போகவில்லை. நாளைக்கு எல்லா ஸ்டேஷனிலும் எனக்கு வேலை இருக்கிறது.

ரேடியோ கைமாறுறதெல்லாம் இப்போ வந்த வியாபாரப் பழக்கம்தானே?

இல்லை. சென்னை வானொலி பிறந்ததிலிருந்தே கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது.

1924 மே மாதம் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று மதராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். சந்தா கட்டிய ஆர்வலர்கள் நடத்திய ஒலிபரப்பு அது. ஜூலை 31லிருந்து காற்றில் வந்தது. பணம் போதாமல் 1927 அக்டோபரில் நின்றுபோனது. கருவிகளை மாநகராட்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பியது. ஆமாம், குப்பை அள்ளுகிற, தண்ணீர் வரி வாங்குகிற அதே மாநகராட்சிதான். சாயந்திரம் இரண்டு மணி நேரம் பாட்டு. வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர்கள் சொற்பம் என்பதால் மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டினார்கள். 1938 ஜூன் 16ல் அகில இந்திய வானொலி எழும்பூர் மார்ஷல்ஸ் ரோட்டில் நிலையம் திறந்தது, மாநகராட்சி ஒதுங்கிக்கொண்டது. அந்த நிலையம்தான் 1954ல் கடற்கரைக் கட்டடத்துக்குப் போனது. சங்கம், நகராட்சி, மத்திய அரசு என்று பதினான்கே வருஷத்தில் மூன்று கை. 1997ல் வானொலி பிரசார் பாரதி என்ற தன்னாட்சி அமைப்பின் கீழ் வந்ததை நாலாவது கை என்று வேண்டுமானால் எண்ணிக்கொள்ளலாம்.

இதில் எனக்கு மாநகராட்சிக் காலத்தின் மேல் ஒரு பிரியம். ஊர்க்காரர்கள் வரிப்பணத்தில் ஊர்க்காரர்களுக்கே ஒரு ரேடியோ. அதற்குப் பிறகு அப்படி ஒன்று இந்த ஊருக்கு வாய்க்கவே இல்லை.

பூங்கா ஒலிபெருக்கி மாநகராட்சி ரேடியோவோடு போய்விடவில்லை. தன் சின்ன வயதில் வேலை முடிந்து வந்த ஆட்கள் துண்டை விரித்து உட்கார்ந்து பூங்காவில் செய்தி கேட்டதை அப்பா சொல்வார். வீட்டில் ரேடியோ வைக்க அப்போது தபால் ஆபீசில் லைசென்ஸ் வாங்க வேண்டும். புத்தகம் கொடுப்பார்கள், வருஷா வருஷம் பணம் கட்டி வில்லை ஒட்டிக்கொண்டு வரவேண்டும். லைசென்ஸ் இல்லாத ரேடியோ ரிப்பேருக்கு வந்தால் அப்பாவுக்கு வயிற்றைக் கலக்கும். அதைப் பெஞ்சுக்கு அடியில் சாக்குப் போட்டு மூடித்தான் வேலை பார்ப்பார். 1980களின் நடுவில் அந்த லைசென்சே ஒழிந்தது.

எஃப்.எம். தனியாரோடுதான் வந்தது என்றும் பலர் நினைக்கிறார்கள். இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பே நம் ஊரில்தான், 1977 ஜூலையில், அகில இந்திய வானொலியுடையது. அதைப் பிடிக்கிற ரேடியோ அன்று யாரிடமும் இல்லை, அது வேறு விஷயம். 1993ல் வானொலி தன் எஃப்.எம். நேரத்தை மணிக்கணக்கில் தனியார் கம்பெனிகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தது. முதலில் பம்பாய், டெல்லி, பிறகு சென்னையும். 1998ல் அதை நிறுத்தினார்கள். எம்.சி. ரோட்டில் ஒரே கடையைக் காலையில் ஒருவருக்கும் சாயந்திரம் ஒருவருக்கும் உள்வாடகைக்கு விடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிலோன் ரேடியோவைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே என்பார்கள். அதன் அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது குரலுக்கு அப்பா கடையில் ஒரு செட் எப்போதும் ஒதுக்கி வைத்திருப்பார். இன்றைய எஃப்.எம். பேச்சு முழுக்க அவர்கள் போட்ட பாதைதான். அகில இந்திய வானொலி கர்நாடக சங்கீதத்தோடு மரியாதையாக உட்கார்ந்திருந்த காலத்தில் சினிமாப் பாட்டையும் நேயர் பெயரையும் சேர்த்து ஒலிபரப்பியவர்கள் அவர்கள். மாடியில் ஏரியல் கம்பி கட்ட எங்கள் தெருவில் அப்பாவுக்கு வேலை வந்ததும் அவர்களால்தான்.

நல்லா பழைய பாட்டு போட்டுக்கினு இருந்தாங்க. திடீர்னு ஏன் புதுப் பாட்டா போட்டு உயிரை வாங்குறாங்க?

இதைத்தான் ஃபார்மட் மாற்றம் என்பார்கள். யாருக்காக ஒலிபரப்புகிறோம் என்ற முடிவு மாறுகிறது. பாட்டு அதோடு மாறும்.

ஒருமுறை ஒரு ஸ்டேஷனில் விளம்பரம் பதிவு செய்யக் காத்திருந்தபோது பாட்டு அடுக்கும் பையனின் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். திரையில் கடிகார முகம்போல ஒரு வட்டம், ஒரு மணி நேரத்தைத் துண்டு துண்டாக வெட்டியிருந்தது. இந்தத் துண்டில் இந்த வாரத்து ஹிட், இதில் மூன்று நாலு வருஷத்துக்கு முந்தையது, இதில் ஒரு மெலடி, இதில் விளம்பரம், இதில் ஆர்.ஜே. பேச்சு. எந்தத் துண்டில் எந்தப் பெட்டியிலிருந்து பாட்டு எடுக்க வேண்டும் என்பது முன்பே எழுதியிருக்கிறது. ஒரு பெட்டியில் பாட்டு குறைவாக இருந்தால் அதே பாட்டு சீக்கிரம் திரும்ப வரும். புது ஹிட் பெட்டி எப்போதும் சின்னது. ஆகவேதான் பெரம்பூரில் கேட்ட பாட்டை வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும்போது மறுபடியும் கேட்கிறீர்கள். ஆர்.ஜே.க்கு அந்தப் பாட்டு பிடித்துப்போய்விட்டது என்று நினைக்காதீர்கள், அவர்களுக்கும் காது புளித்திருக்கும்.

'தம்பி, எண்பதுகள் பாட்டு இவ்வளவு இருக்கே, போடக் கூடாதா?' என்று கேட்டேன். "போடலாம்ணா. கேக்குறவங்களுக்கு அம்பது வயசு. அம்பது வயசுக்காரங்களுக்கு பைக் விளம்பரம் யார் கொடுப்பா?" என்றான். என் இத்தனை வருஷத் தொழிலை அந்தப் பையன் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டான். காலேஜ் சேர்க்கை, மொபைல், பைக், புதுப்படம், இவர்களுக்கு வேண்டியது இளசுகளின் காது. அதே ஸ்டேஷன் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பழைய பாட்டுக்குத் திரும்பும், அந்த நேரத்துக்கு விளம்பர விலை குறைவு என்பதால் பிடித்ததைப் போட்டுக்கொள்ள விடுகிறார்கள்.

பாட்டுக்கு உரிமைத்தொகையும் ஒரு காரணம். முன்பு பாட்டு ஓடுகிற மணிக்கு இவ்வளவு என்று கட்டினார்கள், நிலையங்கள் முட்டிமோதின. 2010ல் காப்புரிமை வாரியம் நிகர விளம்பர வருமானத்தில் 2 சதவீதம் என்று ஒரு தீர்ப்புச் சொன்னது. அதோடு சண்டை முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

எங்க ஏரியாவுல எவ்ளோ பேர் கேக்குறாங்க! அதை வெச்சு முடிவு பண்ண மாட்டாங்களா?

எண்ணினால்தானே முடிவு பண்ண. டாம் நிறுவனம் 2007ல் தொடங்கிய வானொலிக் கணக்கெடுப்பில் வீடு வீடாக டைரி கொடுத்து, எந்த நேரம் எந்த ஸ்டேஷன் கேட்டீர்கள் என்று குறிக்கச் சொன்னார்கள். டெல்லி, மும்பை, பெங்களூரு, கொல்கத்தா, இந்த நாலு ஊருக்குத்தான் அது. சென்னை அதில் இல்லை. ஆகையால் சென்னையில் எல்லோரும் நம்பர் ஒன். ஒருவர் வாசகர் ஆய்வைக் காட்டுவார், ஒருவர் தானே எடுத்த சர்வேயைக் காட்டுவார், ஒருவர் ஆப் டவுன்லோடைக் காட்டுவார். நான் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, வியாசர்பாடி ஜங்ஷனில் பத்து ஷேர் ஆட்டோவில் ஏறி இறங்கி எது ஓடுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கடைக்காரருக்குச் சொல்வேன். விஞ்ஞானம் இல்லைதான். ஆனால் எனக்கு இதுவரை அடி விழுந்தது ஒரே ஒரு தடவை, அதை அடுத்துச் சொல்கிறேன்.

இதிலிருக்கிற வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். விளம்பர ஏஜென்சிக் கூட்டங்களில் வடசென்னை என்றால் 'நம்பர்ஸ் இருக்கு, ஸ்பெண்டிங் இல்லை' என்று ஒரே வரியில் தள்ளுவார்கள். கேட்கிறவன் கூட்டம் இங்கே, வாங்குகிறவன் கூட்டம் அடையாறில் என்பது அவர்கள் நினைப்பு. ஆடி மாசம் ஞாயிற்றுக்கிழமை எம்.சி. ரோட்டில் ஒரு தடவை நடந்து பார்த்தால் அந்த வரியைச் சொல்ல நாக்கு எழாது. நடக்க இடம் இருந்தால்தானே.

விளம்பரம் புக் பண்ணின பிறகு ஸ்டேஷன் ஃபார்மட் மாறினா பணம் திரும்ப வருமா?

எனக்கு வரவில்லை. பெயர் சொல்ல மாட்டேன், ஒரு ஸ்டேஷன். ஆடித் தள்ளுபடிக்கு ஒரு பாவாடை சட்டைக் கடைக்காக ஆர்.ஓ. (விளம்பரம் ஓட்டச் சொல்லும் ஆர்டர்) போட்டு முன்பணமும் கட்டியாகிவிட்டது. ஜிங்கிளில், அதாவது விளம்பரப் பாட்டில், தவில், கடைசியில் ஒரு குலவை. விளம்பரம் ஆரம்பிக்க நாலு நாள் இருக்கும்போது அந்த ஸ்டேஷன் ஒரே ராத்திரியில் மேல்தட்டு இளைஞர் ஸ்டேஷன் ஆகிவிட்டது. பாதி இங்கிலீஷ் பேச்சு, ஆங்கிலப் பாட்டு, நடுவில் என் தவிலும் குலவையும். கேட்கவே கல்யாண வீட்டில் வழி தப்பி நுழைந்தவன் மாதிரி இருந்தது.

கடைக்கார அண்ணாச்சி போன் பண்ணினார். "தம்பி, இத கேக்குறவன் எவன் நம்ம கடைக்கு வருவான்?" பதில் இல்லை. ஸ்டேஷனில் கேட்டால், ஒப்பந்தத்தில் நேரத்துக்குத்தான் பொறுப்பு, நேரத்தில் விளம்பரம் ஓடியது, எது எப்போது ஓடியது என்று குறித்த லாக் ஷீட் இதோ என்றார்கள். நாலு நடை நடந்த பிறகு ஈடாகக் கொஞ்சம் இலவச ஸ்பாட் கொடுத்தார்கள், ராத்திரி பதினொரு மணிக்கு. அண்ணாச்சி அடுத்த இரண்டு ஆடிக்கு என்னைக் கூப்பிடவில்லை.

அன்றிலிருந்து ஆர்.ஓ.வில் என் கையெழுத்துக்கு மேலே ஒரு வரி எழுதுகிறேன்: நிலையத்தின் பெயர், மொழி, பாட்டு வகை மாறினால் மீதி விளம்பரத்தை ரத்து செய்து பணத்தைத் திருப்ப வேண்டும். சிலர் சிரிப்பார்கள், சிலர் அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிடுவார்கள். அடித்தால் அங்கே போகாதீர்கள்.

ஆர்.ஜே.ங்க நம்ம பாஷையைப் பேசியே கிண்டல் பண்றாங்களே?

ஒப்புக்கொள்கிறேன். தெருவில் பேசுகிற தமிழ் முதல்முதலாகக் காற்றில் வந்ததே தனியார் எஃப்.எம்.மால்தான். 'செம ஹாட்டு மச்சி' என்று ஒரு ஸ்டேஷன் தன்னைத்தானே சொல்லிக்கொண்டபோது தண்டையார்பேட்டைப் பையன்களுக்கு ஒரு குஷி, நம்ம பேச்சு மேலே ஏறிவிட்டது என்று. ஆனால் 'இன்னாபா, கீறியா' என்ற குரல் எப்போதுமே பிராங்க் கால் பண்ணுகிறவனாக, ஏமாறுகிற மெக்கானிக்காக, வட்டிக்கு விடுகிறவனாகத்தான் வந்தது. பட்ஜெட்டையோ மழை எச்சரிக்கையையோ அந்தத் தமிழில் ஒருவரும் சொன்னதில்லை. நான் ஏறி இறங்கிய ஸ்டுடியோக்கள் அத்தனையும் கூவத்துக்குத் தெற்கே. காசிமேட்டுத் தமிழைப் பேசுகிறவர்கள் யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொண்டு பேசினார்கள், கேட்டாலே தெரியும்.

தனியார் எஃப்.எம்.ல ஏன் செய்தி வர்றதில்லை?

சொந்தமாகச் செய்தி வாசிக்க அவர்களுக்கு அனுமதி இல்லை. ஆகாசவாணிச் செய்தியை ஒரு எழுத்தும் மாற்றாமல் எடுத்துப் போடலாம். போக்குவரத்து, வானிலை, விளையாட்டு, தேர்வு முடிவு, தண்ணீர் மின்சாரத் தகவல் இவையெல்லாம் செய்தி கணக்கில் சேராது, சொல்லலாம். எண்ணூரில் வாயுக்கசிவு என்றால் 'அந்தப் பக்கம் டிராஃபிக் ஜாம்' என்றுதான் காதில் விழும்.

எனக்குப் பிடிச்ச ஆர்.ஜே. காணாமப் போயிட்டாரே?

முதலாளி மாறினால் முதலில் சம்பளப் பட்டியலைத்தான் பார்ப்பார்கள். மூன்றாம் கட்ட விதியில் ஒரு கம்பெனி தன் நிலையங்கள் எல்லாவற்றிலும் ஒரே நிகழ்ச்சியை ஓட்டலாம் என்று வந்துவிட்டது. ஒருவர் பேசினால் மதுரைக்கும் கோவைக்கும் சேர்த்துப் பேசிவிடலாம். 'இன்னைக்கு வெயில் கொளுத்துது' என்று பொதுவாகப் பேசுகிறாரா, 'மூலக்கொத்தளம் பாலத்துல வண்டி நிக்குது' என்று பேசுகிறாரா, அதைக் கவனியுங்கள். முதல் வகை பெரும்பாலும் நேற்றே பதிவு செய்தது.

எண்ணூர் பக்கம் சரியா எடுக்கலை. ஆனா ராத்திரி போட்ல போனா வேற ஊரு ஸ்டேஷன் கேக்குது. எப்படி?

எஃப்.எம். அலை கிட்டத்தட்ட நேர்க்கோட்டில் போகும். கோபுரத்திலிருந்து தூரம் கூடக் கூட, நடுவில் கட்டடமும் சிலோவும் புகைபோக்கியும் மறைக்க மறைக்க, கரகரக்கும். மொபைலில் கேட்டால் இயர்போன் ஒயர்தான் ஏரியல், அதைச் சுருட்டி வைக்காமல் நீட்டிவிடுங்கள்.

கடலில் கதை வேறு. காற்று அசையாத வெக்கை ராத்திரிகளில் கடலுக்கு மேலே ஈரக் காற்றும் அதற்கு மேலே சூடான காற்றும் அடுக்காக நிற்கும். அலை அந்த அடுக்குக்குள் மாட்டிக்கொண்டு, குழாயில் தண்ணீர் போவதுபோல நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடிவிடும். காசிமேட்டு விசைப்படகில் இரண்டு ராத்திரி போய்வந்த ஒருவர் "93.5ல நம்ம சூரியன் கேட்டுக்கினே இருந்துச்சு, அது மேலயே எவனோ ஏறி வேற பாஷை பேசினான்" என்றார். பேயெல்லாம் இல்லை, இதுதான்.

நம்ம ஏரியாவுக்குன்னு ஒரு ஸ்டேஷன் நாமே ஆரம்பிக்க முடியாதா?

முடியும். சமுதாய வானொலி என்று பெயர். இந்தியாவின் முதல் வளாக சமுதாய வானொலியே சென்னையில்தான், அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 90.4, 2004 பிப்ரவரியில் வந்தது. முதலில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் கொடுத்தார்கள், 2006லிருந்து தொண்டு நிறுவனங்களுக்கும் உண்டு. பதிவு செய்து குறைந்தது மூன்று வருஷம் வேலை செய்த அமைப்பாக இருக்க வேண்டும். தனி ஆள், கட்சி, லாபக் கம்பெனி கேட்க முடியாது. ஒலிபரப்புச் சக்தி 100 வாட், ஏரியல் 30 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. நிகழ்ச்சியில் பாதியாவது அந்த ஏரியா மக்களே செய்ததாக இருக்க வேண்டும். விளம்பரம் மணிக்கு 12 நிமிஷம் வரை போடலாம் என்று 2024ல் உயர்த்தியிருக்கிறார்கள். அந்தச் சக்தி ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை தாராளமாகப் போகும், அதைத் தாண்ட வேண்டிய அவசியமும் நமக்கு இல்லை. இதற்கு ஏலம் கிடையாது, ஆகவே நாளைக்கு டெல்லியிலிருந்து ஒருவர் வந்து வாங்கிவிடவும் முடியாது.

பாம்பனில் மீனவர்களுக்காகவே கடல் ஓசை 90.4 என்று 2016லிருந்து ஒன்று நடக்கிறது. காற்று எப்படி, அலை எவ்வளவு உயரம், போகலாமா வேண்டாமா என்று சொல்கிறார்கள். இதைக் காசிமேட்டில் ஒரு சங்கத்தாரிடம் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த மீன் ஏலக்கார அம்மா ஒருவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "அலையெல்லாம் எங்க ஆளுங்களுக்கே தெரியும் நைனா. விடிகாலம் நாலு மணிக்கு வஞ்சிரம் இன்னா வெலைக்குப் போச்சுன்னு சொல்லுவீங்களா?" என்றார். சொல்லலாம், விதியில் தடை இல்லை. நாலு மணிக்கு எழுந்து மைக் முன்னால் உட்கார ஆள்தான் வேண்டும். விண்ணப்பம் போட நினைக்கிற அமைப்பு ஏதாவது இருந்தால் எம்.சி. ரோட்டில் என்னை யாரிடம் கேட்டாலும் காட்டுவார்கள்.